மீதி இரண்டாயிரத்து நூறு

சீட்டு விழுந்தது.
தள்ளு போகக் கையில் தொண்ணூற்றாறாயிரம்.
வண்டிக்கென்று ஒதுக்கியாயிற்று, இனி
வீட்டு வாஷிங் மெஷின் முன்னால்
தலைகுனிந்தபடிதான் நடக்க வேண்டும்.

சுங்கான்கடையில் பிபினின் பட்டறை.
லாரா ஆர்எஸ், சிவப்பு, பதினான்கு வயது,
எர்ணாகுளத்துப் பல் டாக்டர் ஒருவர் சலித்து விற்றது,
லிஃப்டில் வயிறு தெரிய நிற்கிறது.
நான் டார்ச் அடிக்கிறேன்.
பகல் முழுக்க அடுத்தவர் ரத்தம் பார்க்கிற வேலை எனக்கு.
என் வண்டியையும் அப்படித்தான் பார்ப்பேன்.

பிரேக் ஆயிலைச் சிரிஞ்சில் இழுத்துக் காட்டச் சொன்னேன்.
முற்றிய காமாலை. கட்டஞ்சாயா நிறம்.
"இதை வெச்சா யக்கா பேச்சிப்பாறை போய்ட்டு வந்தீங்க?"
போனேன்.
இறக்கத்தில் பெடல் பஞ்சாய் அமுங்கியதை
யாரிடமும் சொல்லவில்லை.

பிபினுக்கு வேறு கனவு.
"ஒரு ரீமேப் போட்டா நாப்பது குதிரை கூடும்,
வடசேரில இருந்து ஒரு மிதி மிதிச்சா..."
வடசேரியிலிருந்து மிதித்தால்
வெட்டூர்ணிமடத்தில் பள்ளிக்கூட வேன் நிற்கும் மக்கா.
இருக்கிற நூற்றறுபதில்
நூறு எந்நேரமும் லாயத்தில் தூங்குகிறது.
புதிதாய் வரும் நாற்பதை எங்கே கொண்டு கட்ட?

லேப் சீட்டின் பின்பக்கம் எழுதினேன்.
பதினெட்டு அங்குல அலாய்: அழகுதான்.
களியக்காவிளை ரோட்டுக் குழிகள்
அதன் விளிம்பைப் பிஸ்கட்டாய்க் கடித்து வைக்கும். அடி.
டிக்கி மேல் சிறகு: துணி காயப்போடலாம். அடி.
எக்ஸாஸ்ட்:

இங்கே பேனா நின்றது.
இரவு இரண்டு மணிக்கு ஹெட்போனில் கேட்டிருக்கிறேன்
அந்த உறுமலை,
பக்கத்தில் ஆள் தூங்க, கள்ளத்தனமாய்.
முப்பத்தெட்டாயிரம்.
அடித்தேன். அடித்த கோட்டுக்குக் கீழே
புள்ளி புள்ளியாய் இன்னொன்று,
மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

டயர் நான்கு.
ரப்பர் விளைகிற ஜில்லாவில் மொட்டை டயரில் ஓடுவது
கடற்கரையில் குடியிருந்துகொண்டு
உப்புக்குக் கடன் கேட்பது போல.
பேரம் பேசி நாற்பத்தோராயிரம்.
முன் டிஸ்க், பேடு, புது ஆயில்: பதினெட்டரை.
ஷாக் அப்சார்பர்: இருபத்து மூன்று.
அப்புறம் கண்ட்ரோல் ஆர்ம் புஷ்,
உள்ளங்கையில் அடங்கும் ரப்பர் வளையங்கள்.
பழையதைக் கழற்றி மேஜையில் வைத்தான் பிபின்.
வெடித்த குதிகால். இத்தனை நாளும்
இதன்மேல்தான் நின்றிருக்கிறாள்.
ஐயாயிரத்து நானூறு. கூலி ஆறு.

வின்ஸ்லின் வண்டியை இரண்டு சுற்று வந்தார்.
பானெட்டைத் தட்டினார். குனிந்து பார்த்தார்.
"பணம் எங்கட்டீ போச்சு?"
"அடியில," என்றேன்.

ஞாயிறு ஆரல்வாய்மொழி.
கணவாய்க் காற்று விலாவில் இடித்தது.
போன ஆடியில் இதே இடத்தில்
லாரா கள்ளுண்டவளாய் ஒதுங்கி ஒதுங்கிப் போனாள்,
ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டி எனக்குத் தோள் வீங்கியது.
இப்போது சின்னதாய் ஒரு சிலிர்ப்பு.
வாழைத்தார் லாரி உரசிக் கடந்தபோதும்
விரல்கள் பிடித்த இடத்திலேயே இருந்தன.

முப்பந்தலில் தூறல்.
முன்னும் பின்னும் யாருமில்லை.
பிரேக்கை மிதித்தேன், சும்மா.
நின்றது.
நகர்ந்து இன்னொரு முறை.
"என்ன ஆச்சு?" என்றார் வின்ஸ்லின்.
ஒன்றுமில்லை.
மூன்றாவது முறை மிதித்தபோது
அவர் மடியிலிருந்த நேந்திரஞ்சிப்ஸ் சரிந்தது.
நான் சிரித்ததைக் காற்றாலைகள் மட்டும் பார்த்தன.

மீதி இரண்டாயிரத்து நூறு
எங்கே போயிற்றென்று அவர் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
கியர் குமிழ். அலுமினியம்.
வெயிலில் நிறுத்தினால் உள்ளங்கை பொள்ளும்.
வேகம் கூடாது, தேய்மானம் குறையாது,
பிபினே தலையில் அடித்துக்கொண்டான்.
மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போதெல்லாம்
கை அதன்மேல்
தேவைக்கு மேல் ஒரு நொடி தங்குகிறது.