ஓநாய்க் கால்தடம்

சாவா என்றொரு ஆறு.
என் மொழியில் அதற்கு
இறப்பில்லாதது என்று பொருள்.
இங்கே வெறும் பெயர்.
கரை நெடுகக் கல்லறைகள்.
ஒரு வீட்டுக்கு மூன்று சிலுவை,
அடுத்த வீட்டுக்கு ஒன்றுகூட இல்லை.

கிணற்றைச் சந்தேகித்தார்கள் பல வருஷம்.
பிறகு ரத்த உறவை, பூஞ்சையை,
மண்ணுக்கடியில் கிடக்கும் பழுப்பு நிலக்கரியை.
பாதிரியார் ஒருவர் பாவத்தை.
சோற்றுப் பானைக்குள் யாரும் பார்க்கவில்லை என்று
எங்கள் ஊரில் சொல்வோம்;
இவர்களுக்கு அது ரொட்டி அடுப்பு.

ஸாக்ரெபில், மூன்றாம் மாடியில்,
மெழுகுக் கட்டியைச் சீவுகிறேன்.
பென்சில் சீவல்போல் சுருண்டு விழுவது
எண்பத்தேழாம் வருஷத்துச் சிறுநீரகம்.
குழாயின் மேல் எண் மட்டும்.
பெயர் மியோ, மாவுமில் வைத்திருந்தார் என்று
ஒப்புதல் தாளில் கையெழுத்திட்ட மனைவிதான் சொன்னார்,
நான் கேட்காமலே.

இரவு பதினொன்றுக்குத் திரையில் எழுந்தது முகடு.
லியெர்கா நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தாள்.
காப்பிக் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.
'அதேதான்' என்றாள்.

அரிஸ்டோலோக்கிக் அமிலம்.
மரபணு ஏட்டில் ஒரு பக்கத்தின் முனையை
மடித்து வைத்துப் போயிருக்கிறது.
மனிதர் போனார்,
மில் போனது,
நாடே உடைந்து வேறு பெயர் வைத்துக்கொண்டது,
மடிப்பு நிமிரவில்லை.

கோதுமை வயலோரம் அந்தச் செடி
இன்னும் நிற்கிறது. இதய வடிவில் இலை,
வெளிர்மஞ்சளில் குழல்போல் பூ.
ஓநாய்க் கால்தடம் என்கிறார்கள்.
அறுவடையில் கதிரோடு காய்,
காயோடு விதை,
விதையோடு ஆட்டுக்கல்லைப்போல் சுழலும் பெருங்கல்.
இதன் பங்காளிச் செடிக்கு என் மொழி
ஆடுதீண்டாப்பாளை என்று பெயர் வைத்தது.
இங்கும் ஆடு தீண்டவில்லை.
பெயரில் ஆட்டைச் சேர்க்க மட்டும்
யாருக்கும் தோன்றவில்லை.

முடிவுத் தாளோடு போனோம்.
ஷ்டெஃபிட்சா அன்று டயாலிஸிஸ் இல்லாத நாள்.
சட்டைக் கையை மடித்து
இடக்கையைத் தொடச் சொன்னார்:
புடைத்த நரம்புக்குள்
தேனடை ரீங்கரித்தது.
'இது இருக்கும்வரை நானும் இருக்கிறேன்.'

பிறகு கேட்டார்:
'மாவிலிருந்தா?'

அந்த ஊரில் அவர் கணவரின் கல்லைத் தாண்டாமல்
எந்த மாவும் பிசையப்பட்டதில்லை.
லியெர்கா தாளைத் திருப்பினாள்,
மறுபக்கம் வெறுமை என்று தெரிந்தும்.

'என் இரண்டாவது பிரசவம் இழுத்துக்கொண்டே போனது.
மருத்துவச்சி இதன் வேரைக் காய்ச்சிக் கொடுத்தாள்.
நல்ல மருந்து, பிள்ளை பிறந்தது.
மியோவுக்குக் காலில் புண் ஆறாமல் கிடந்தபோது
மிச்சத்தை அவரும் குடித்தார்.
வாரக் கணக்கில் குடித்தார்.
அதனாலும் இருக்கலாம், இல்லையா டாக்டர்?'

மூன்று தசமம் இல்லாமல் பேசாதவள் லியெர்கா.
என் வரைபடத்தில் 'சுமார்' என்று எழுதியதற்கு
ஒரு வாரம் முகம் கொடுக்காதவள்.
'இருக்கலாம்' என்றாள்.

அது இரக்கமா என்று
வழியெல்லாம் யோசித்தேன்.
இல்லை. முகட்டுக்கு உயரம் உண்டு,
எந்த வாசலால் நுழைந்தது என்ற குறிப்பு இல்லை.
ரொட்டிக்கும் கஷாயத்துக்கும்
ஒரே கையெழுத்து.
உண்மை அந்த ஒரு தடவை
இரக்கத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தது,
அவ்வளவுதான்.

புறப்படும்போது கொட்டிலிலிருந்து
ஒரு சல்லடையை எடுத்து வந்தார்.
அரைக்கும் முன் கோதுமை சலிப்பது.
'ரொம்பச் சுத்தமான மனுஷன்,
இரண்டு தடவை சலிப்பார்.
உங்கள் ஆராய்ச்சிக்கு உதவுமென்றால்.'

பனிப்பெட்டிக்குப் பக்கத்து அலமாரியில்
சல்லடை இருக்கிறது, எண் ஒட்டி.
விதையின் அகலம் எங்களுக்குத் தெரியும்.
அளவுகோல் இழுப்பறையில்தான் கிடக்கிறது.

நான் எடுக்கவில்லை.
லியெர்காவும் கேட்கவில்லை.