பதினேழாவது அடி

அந்தக் கடைசிக் காட்சியைப் பற்றி
நிறையவே எழுதிவிட்டார்கள்.
ரயில் மேடையில் நாயகன் நடக்கிறான், திரும்பிப் பார்க்கவில்லை,
பதினேழாவது அடி மட்டும் தரையில் இழுபடுகிறது.
குற்றவுணர்வு என்றார் ஒருவர்.
இடைவேளைக்கு முன் பட்ட குண்டு என்றார் இன்னொருவர்.
அங்காராவில் ஒரு பேராசிரியர்
அந்த ஓரடிக்கு நாற்பது பக்கம் எழுதினார்.
இயக்குநரைக் கேட்டதற்கு
சாம்பலைத் தட்டிவிட்டு, "யோசித்துத்தான் வைத்தேன்" என்றார்.
பாவம், அன்றிரவு அவர் ஊரிலேயே இல்லை.

நான் இருந்தேன். ஒலிப்பதிவு என்னுடையது.

எழுபத்தொன்று, பனிக்காலம். பெயோலுவில்
ஊறுகாய்க் கடைக்கு மேலே மூன்றாவது மாடி.
வினிகர் வாசனை எங்களுக்கு முன்னால் படியேறி நிற்கும்.
அப்போதெல்லாம் எங்கள் படங்கள் ஊமையாகத்தான் பிறந்தன;
பேச்சு, மழை, கதவு, முத்தம்
எல்லாம் பிறகு நாங்கள் போட்டது.
நாயகனுக்கு முகம் ஒருவர்.
குரல், வயிற்றுப்புண்ணோடு
வசனத்துக்கு வசனம் பால் குடித்த ரெஃபெத்.
கால், நெசிஹே.
மூவரில் யாரை நினைத்துத்
தலையணை நனைத்தார்களோ ரசிகைகள்.

எலும்பு முறிய அவளிடம் வால்நட் இருந்தது.
கன்னத்தில் அறை விழ, ஈரத் தோல்.
பனியில் நடக்க, துணிப்பையில் உருளைக்கிழங்கு மாவு.
முத்தத்துக்குத் தன் மணிக்கட்டு.
நாற்பத்துமூன்றாம் நம்பர் ஷூவுக்குள்
நேற்றைய செய்தித்தாளைத் திணித்துக்கொண்டு
பளிங்குப் பலகைமேல் நின்ற இடத்தில் நடப்பாள்.
அனடோலியா முழுக்க நடந்திருக்கிறாள்
ஒரு முழம் நகராமல்.

சிர்கெஜி நிலையத்தில் அனுமதி வாங்காமல் எடுத்த காட்சி அது.
சாமான் வண்டியில் கோணிக்கடியில் கேமரா.
துணை நடிகர்களுக்குக் கொடுக்கக் காசில்லை;
மியூனிக் ரயிலுக்கு வந்த கூட்டம் இலவசம்.
அழுதவர்கள் நிஜமாகவே அழுதார்கள்.

ஃபிலிமை வளையமாக ஒட்டி ஓடவிடுவோம்,
முடிகிற இடத்தில் தொடங்கும்.
வழக்கமாக இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் கால் வைப்பாள்.
அன்று லேப் அவசரம். பார்க்காமலே தொடங்கினாள்.
பதினாறு அடி, கத்தி வைத்து நறுக்கியதுபோல்.
பதினேழில்
நாயகனின் இடது தோளுக்குப் பின்னால்
யாரோ ஒருவன் ஜன்னல் வழியே பெட்டியைத் திணிக்கிறான்,
பச்சைக் கயிறு கட்டிய பெட்டி.

"இன்னொரு தடவை," என்றாள்.
ஓட்டினேன். துல்லியம்.
"இன்னொரு தடவை."
துல்லியத்துக்கு மேல் என்ன வேண்டும் இவளுக்கு என்று
கண்ணாடிக்கு இப்பால் சலித்துக்கொண்டேன்.
பதினோரு முறை அந்த ரயில் புறப்பட்டது.
பிறகுதான் கவனித்தேன்,
அவள் நாயகனின் காலைப் பார்க்கவே இல்லை.

"பெட்டி எங்களுடையது," என்றாள்,
ஷூவிலிருந்து காகிதத்தை உருவியபடி.
"திருட்டுப் போய்விட்டது என்றார்."
அவள் கணவன் அதாபஜாரில்
சர்க்கரை ஆலையில் இருப்பதாகத்தான் எங்களுக்கெல்லாம் தெரியும்.
அவளுக்கும்.

பதினோரு நல்ல பதிவுகளை விட்டுவிட்டு
முதலாவதை ஏன் ஒட்டினேன்?
எத்தனையோ காரணம் சொல்லிப் பார்த்துவிட்டேன் எனக்கே.
காது கேட்டது. கை ஒட்டியது.
அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.

புதன்கிழமை, பெண்கள் காட்சி.
அவளே கூப்பிட்டாள், போனோம்;
அரங்கு முழுக்க நான் ஒருவன்தான் ஆண்.
பதினேழாவது அடி இழுபட்டபோது
எண்ணூறு பேர் ஒன்றாக மூக்கை உறிஞ்சினார்கள்.
பக்கத்து இருக்கைக்காரி யாரென்று தெரியாமலே
நெசிஹேயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.
இவளும் விடவில்லை.

விளக்கு எரிந்ததும்
கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:
"பதினேழு பிந்தி விழுகிறது. இரண்டு ஃபிரேம்."
"தெரியும்," என்றேன்.
"ம்," என்றாள்.

மறுநாள் சரித்திரப் படம். ஒன்பது குதிரைகள்.
சரியான நேரத்துக்கு வந்துவிட்டாள்.