இறங்கும் கால்

ஏறுவது எப்படி என்று எல்லோரும் சொன்னார்கள்.
இருக்கையை இரண்டு விரற்கடை உயர்த்து.
முட்டி இடுப்பைத் தாண்டி எழும்பக் கூடாது.
காலைப் பின்னாதே, குனியாதே,
கீழே விழுந்த சாவி விழுந்ததாகவே இருக்கட்டும்.
சரி.
இறங்குவது எப்படி என்று
நானும் கேட்கவில்லை.

ஸ்கெல்டே ஆற்றோர ஊர்களில்
முப்பத்தோரு வருஷம் தபால் கொடுத்தவள் நான்.
வண்டி ஓடும்போதே இடது மிதியில் எழுந்து நின்று
வலக்காலைப் பின்னால் வீசி
வாசலுக்கு வாசல் குதித்திறங்குவேன்.
ஒரு நாளைக்கு இருநூறு முறை என்று வைத்தால்…
வேண்டாம்.
நான் போடாத கணக்கை
இடது இடுப்பு போட்டு வைத்திருந்தது.

படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார் மருத்துவர்.
பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே
மயிரிழை இடமில்லை.
தானியம் போடாமலே சுற்றிய திரிகை.

கையெழுத்துக்கு ஒரு தாள் நீட்டினார்கள்:
வெட்டியெடுக்கும் எலும்பை
எலும்பு வங்கிக்குத் தருகிறீர்களா?
ரத்தம் கேட்பார்கள், கண் கேட்பார்கள், தெரியும்.
தேய்ந்துபோனதையுமா?
பொடித்து, உறையவைத்து,
யாருடைய பள்ளத்திலாவது இட்டு நிரப்புவார்களாம்.
முகவரி எழுதாமல்
நான் அனுப்பிய ஒரே பொதி அது.

பிறகு பதினோரு வாரம்.
இயன்முறை நிலையத்தில் நகராத சைக்கிள் ஒன்று.
முன்னோக்கி மிதித்தால்
மேல் வளைவில் கால் முட்டிக்கொண்டு நின்றது.
"பின்னால் சுற்றிப் பாருங்கள்" என்றாள் நவால்,
நம்மைப் பல்லைக் கடிக்க வைத்துவிட்டுத்
தான் மட்டும் ஏதோ முணுமுணுக்கிறவள்.
சுற்றியது. முழு வட்டம்.
வந்த வழியே போய்
கொடுத்த கடிதத்தையெல்லாம்
திரும்ப வாங்கிவருகிறவள் போல
ஆறு நாள் பின்னோக்கியே போனேன்.
ஏழாம் நாள்
காலுக்கே சலித்து முன்னால் திரும்பியது.

இன்று வியாழன்.
பக்கத்து வீட்டு ஃபிர்மின்
புறாக்கூண்டு ஏணியில் நின்றபடி
என்னைப் பார்க்காத மாதிரி பார்த்தான்.
ஏறிவிட்டேன்.

வலிக்கவில்லை என்றால் பொய்.
ஆனால் இது பழைய வலி இல்லை.
உள்ளே யாரோ புதிதாகக் குடிவந்து
சாமான்களை நகர்த்துகிறார்கள்.
ஆற்றுப் பாதை. எதிர்க்காற்று. பாப்ளர் சருகு.
சரளை ஏற்றிய படகொன்று கூடவே வந்தது,
மேல்தளத்தில் ஒருத்தி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.
அவள் கடைசிச் சட்டையை உதறுவதற்குள்
முந்திவிட்டேன்.
யாரும் கைதட்டவில்லை, நானே மணியடித்துக்கொண்டேன்.

வீடு வந்தது.
கால்விரல் தரையைத் தேடிக்
காற்றைத் துழாவியது.
இடக்காலில் எழுந்து நில் என்றது பழக்கம்.
கூடவே கூடாது என்றது நவாலின் குரல்.
இரண்டும் பேசி முடிப்பதற்குள்
வீடு போயிற்று.

தேவாலயத்தைச் சுற்றி, பேக்கரி தாண்டி,
மறுபடி வீடு.
மறுபடி போயிற்று.
ஜன்னலில் ஓடிலோன் கையசைத்தார்.
நானும் அசைத்தேன்.
நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியவர்,
ஆசை தீரச் சுற்றுகிறாள் என்று நினைத்திருப்பார்.
ஏறியவளுக்கு இறங்கத் தெரியவில்லை என்று
தெருவில் கத்தவா முடியும்?

மூன்றாம் சுற்றில்
மூலையில் அந்தச் சிவப்புத் தபால் பெட்டி.
சாவி போட்டுத் திறந்து திறந்து மூடியிருக்கிறேன்,
ஒரு தடவைகூடச் சாய்ந்து நின்றதில்லை.
மெதுவாக, விழுந்துவிடும் அளவுக்கு மெதுவாகப் போய்
இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன்.
வண்டி என்னைவிட்டுச் சரிந்தது.
வலக்கால் தரை கண்டது.
அப்புறம், யோசித்து, இடது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ.
கையில் உறையோடு ஒரு பையன்
மரியாதையாகக் காத்திருந்தான்.
"கொடு" என்று வாங்கிப்
பெட்டியில் போட்டேன்.
அவன் வண்டியை நிமிர்த்திப் பிடித்தான்,
மேலும் கீழும் பார்த்தான்.
"இருக்கை உங்களுக்கு ரொம்ப உயரம்."
தெரியும் என்றேன்.