ஐந்து எதற்கு

மார்ச் கடைசி.
மில்க் ஆற்றில் பனிப்பாளம் உடைந்து உடைந்து போகிறது.
பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு
அதே உடுப்போடு கடைக்குள் நுழைகிறாள்
ராக்னா ஹெல்காஸ்.
பையில் நானூறு டாலர்.
மேற்கொண்டு ஒரு காசில்லை என்று
வழியெல்லாம் தனக்கே சொல்லியபடி வந்திருக்கிறாள்.

போன ஜூனில்
செம்பழுப்புப் பெண்குதிரையின் முன்னங்கால்
ஒரு வளைக்குள் இறங்கியது.
அந்தச் சத்தத்தை அவள்
யாரிடமும் விவரித்ததில்லை.

குதிரைமசால் வயலில் இப்போது
குதிரை மட்டும் இல்லை.
தரை அணில்கள் இருக்கின்றன.
முதுகில் கோடில்லாத அணில்கள்,
எந்த விரலும் தடவிக் கொடுக்காதவை.
ஏக்கருக்கு நாற்பது வளை.
எண்ணிவிட்டுத்தான் வந்தாள்.

டெல்மர் முதலில் எடுத்து வைத்தது
வாதுமைக் கட்டை, ஐந்து தோட்டாக்காரன்,
அறுநூற்று எண்பது.
'ஐந்து எதற்கு?'
'முதல் குண்டு தவறினால்?'
'தவறினால் அது பிழைத்துப் போகட்டும்.
நான் மறுபடி யோசித்துக்கொள்கிறேன்.'

மூலையில் சாய்ந்திருந்தது மற்றொன்று.
யாரோ வைத்திருந்து விற்றது,
கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை, கனத்த குழல்.
கொண்டியைத் தட்டினால்
பகல் தூக்கம் கலைந்தவன் வாய்போலத்
தொங்கித் திறக்கிறது.
ஒன்று போடலாம். ஒன்றுதான் போடலாம்.
இருநூற்றுப் பதினைந்து.

பக்கத்திலேயே அதே வார்ப்பில் ஒரு ஹார்னெட்.
பெயரே குளவி. பார்க்கவும் ஒல்லி, அழகு.
அதன் தோட்டா பெட்டி முப்பத்தெட்டு;
இந்த டூ டூ த்ரீக்குப் பதினான்கு,
பெட்ரோல் பங்கில்கூடக் கிடைக்கும்.
கொட்டக் குளவிதான் வேண்டும் என்றில்லை.

'துப்பாக்கியில் மிச்சம் பிடி,
ஸ்கோப்பில் பிடிக்காதே' என்றான் டெல்மர்.
விற்கிறவன் சொல்லை
விற்கிறவன் சொல்லாகவே எடுத்துக்கொண்டு
இரண்டு ஸ்கோப்போடு தெருவுக்கு வந்தாள்.
எதிரே தானியக் கிடங்கின் தகரக் கூரை.
நாற்பத்தொன்பது டாலர் ஸ்கோப்பில்
கூரை மண்ணெண்ணெய்க்குள் மிதந்தது.
கண்ணை ஒரு நூல் நகர்த்தினால்
குறுக்குக் கோடும் கூடவே நகர்ந்தது.
நூற்று ஐம்பத்தொன்பதில்
ஏழு புறாக்கள்.
ஒன்று ஒற்றைக் காலில்.
மற்ற காலின் நகம்கூட.

பொருத்தும் வளையங்கள் இருபத்திரண்டு.
மொத்தம் முந்நூற்றுத் தொண்ணூற்றாறு.
கையில் நின்றது நான்கு டாலர்.
தோட்டாவை அவள் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

டெல்மர் சிரிக்கவில்லை.
ஒரு பெட்டியைப் பிரித்தான்.
எழுபது காசு வீதம்
ஒரு பழுப்பு உறைக்குள் எண்ணிப் போட்டான்.
ஐந்து.
இரண்டு பேரும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.
மீதி ஐம்பது காசு.

சனிக்கிழமை. நூறு கஜத்தில் அட்டைப்பெட்டி.
முதல் குண்டு ஒரு சாண் தாழ்ந்து இடப்பக்கம்.
மேல் திருகை எண்ணி எண்ணிச் சொடுக்கினாள்.
இரண்டாவது பரவாயில்லை.
மூன்றாவது
மார்க்கர் பேனாவால் வரைந்த வட்டத்தின் தோலில்.
நான்காவது உள்ளே.
நான்கும் பெட்டிக்கே போயின.

வெயில் ஏறி
வளைவாய்கள் ஈரம் காய்ந்தபின்
வேலிக்கட்டையில் குழலைச் சாய்த்து
வடக்கே பார்த்துப் படுத்தாள்.
பின்னால் மண்மேடு, வீடு இல்லை, மாடு இல்லை.
நாற்பது நிமிடம்.
வந்து நின்றது ஒன்று,
வரவேற்பறையில் காத்திருக்கும் ஆள்போல
கைகளை வயிற்றில் வைத்துக்கொண்டு.
மூச்சை பாதி விட்டு அழுத்தினாள்.

அணிலுக்கு வலப்பக்கம்
புழுதி எழுந்தது.

அது உள்ளே போயிற்று.
அவள் கொண்டியைத் தட்டினாள்;
வெற்றுக் கூடு சுடச்சுட உள்ளங்கையில் விழுந்தது.
போட ஒன்றுமில்லை.
சற்று நேரத்தில் அதே இடத்தில் அதே அணில்.
ஸ்கோப்பைப் பார்த்தபடியே கிடந்தாள்.
எதையோ மென்றது. மீசையில் மண்.
கொடுத்த காசுக்குத்
தெளிவாகத்தான் தெரிந்தது.

பத்தாம் தேதி சம்பளம்.
காலி உறையின் முதுகில்
பென்சிலால் எழுதினாள்:
மேல்காற்று. இருநூறு கஜம்.
மூன்று விரல் இடம் தள்ளிப் பிடி.