கண்ணில் மிளகாய்

புதுவயல் சாலையில் ரயில்வே கேட் தாண்டி
இரண்டாவது கோடவுன்.
உள்ளே ராம்நாடு முண்டு மிளகாய்
எட்டு டிகிரிக் குளிரில் சாக்கோடு தூங்குகிறது.
வெளியே சித்திரை.

நடுவில் நிற்பது
மரமுமில்லை, இரும்புமில்லை.
தார்ப்பாய் மாதிரி ஒரு நீலத் திரை.
ஃபோர்க்லிஃப்ட் வருவது தெரிந்ததும் சர்ரென்று ஏறும்,
நொடிக்கு ஒன்றரை ஆள் உயரம்.
நாலு நொடி பொறுக்கும். இறங்கிவிடும்.
நாளைக்கு எழுநூறு தடவை.
வாங்க என்றும் சொல்லாது
போய்ட்டு வாங்க என்றும் சொல்லாது.

மாட்டின முதல் வாரம்
ராயப்பன் பொறுக்காமல்
மூட்டையோடு முட்டிக்கொண்டு புகுந்தான்.
திரை தன் தடத்தை விட்டுப் பிதுங்கி
ஒரு பக்கமாகத் தொங்கியது.
போச்சு ஆறு லட்சம், என்றார் மேனேஜர் வைரவன்.
பொத்தானை அமுக்கினேன்.
முழுக்க மேலே போய்ச் சுருண்டு
இறங்கும்போது பல் பல்லாகத்
தன்னைத் தானே கோத்துக்கொண்டு வந்தது.
ராயப்பன் மூன்று நாள்
அதன் முகத்தைப் பார்க்காமல் ஓட்டினான்.

நான் சிகப்பி. ஐடிஐ, எலக்ட்ரீஷியன்.
மிளகாய்க் கோடவுனுக்கு ஏத்த பேர் என்று
சேர்ந்த அன்றைக்கே எல்லாரும் சிரித்து முடித்தாயிற்று.

மே பத்தாம் தேதியிலிருந்து புகார்:
கதவு மூடமாட்டேன் என்கிறது.
மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை மட்டும்.
கம்ப்ரசர் மூச்சு வாங்குகிறது, மீட்டர் ஓடுகிறது,
வைரவன் சார் செல்போனில் நொடி எண்ணுகிறார்.
நாற்பத்தொன்று. ஐம்பத்தாறு.
கோயம்புத்தூர் கம்பெனிக்காரன் போனில் சொன்னான்,
கண்ணைப் பாருங்க மேடம்.

கண் இருப்பது முழங்கால் உயரத்தில்.
இந்தத் தூணிலிருந்து அந்தத் தூணுக்கு ஒரு ஒளிக்கோடு;
குறுக்கே எது இருந்தாலும் திரை இறங்காது.
குத்தவைத்துத் துடைத்தேன்.
பஞ்சில் சிவப்பு வந்தது, கொஞ்சம்தான்.
காலையிலும் இதே தூசிதானே?

மறுநாள் இரண்டு மணிக்கு
அடுக்கின் பின்னால் நின்றேன்.
லாரியை இறக்கிவிட்டு வந்தான் கருமேகம்.
முதுகில் சாக்கின் பின்னல் அப்படியே பதிந்திருந்தது.
கதவு திறந்த நேரம் பார்த்து
ஒற்றைக் காலை நீட்டினான்,
ஊருணியில் இறங்குமுன் ஆழம் பார்ப்பவனைப் போல.
திரை மேலேயே நின்றுவிட்டது.
உள்ளிருந்து குளிர் தரையோடு வழிந்து வந்து
அவன் மேல் ஏறியது.
பின்னால் பெரியகருப்பன், யாகூப்,
பரமக்குடி லாரியில் வந்த பேர் தெரியாத பையன்.
சட்டையில்லாமல் நாலு பேர்.
யாரும் பேசவில்லை.
கருமேகம் காலை எடுத்தால்
அந்த இடத்தில் யாகூப்பின் கால்.

எழுநூறு தடவையில் ஒரு தடவை
அது ஒரு ஆளுக்காக நின்று பார்த்தேன்.

பதிவேட்டில் 'பழுதின் காரணம்' என்று ஒரு கட்டம்,
இரண்டு விரல் அகலம்.
எழுதினேன்: கண்ணில் மிளகாய்த்தூள்.
'செய்த வேலை': துடைக்கப்பட்டது.
'மீண்டும் வர வாய்ப்பு': உண்டு.

தூளுக்கு மணி பார்க்கத் தெரியுமா சிகப்பி?
ரெண்டு மணிக்குத்தான் சார்
காத்து அந்தப் பக்கம் திரும்புது.
அவர் டாக் பக்கம் எட்டிப் பார்த்தார்.
தகரக் கூரையைப் பார்த்தார்.
காலர் பொத்தானைக் கழற்றினார்.
இறக்குற இடத்துக்கு ஒரு ஃபேன் வேணும்னு எழுது,
நான் கையெழுத்துப் போடுறேன், என்றார்.

எழுதினேன். ஃபேன் வந்து சேர்ந்தபோது
ஆடிக் காற்று
கோடவுன் முற்றத்துச் சாக்குகளை
வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்துகொண்டிருந்தது.
பெட்டி பிரிக்காமல் இருக்கிறது, அடுத்த வருஷத்துக்கு.

அது வரும்வரை நான்தான் போனேன்,
தினமும், இரண்டு மணிக்கு, பஞ்சும் கையுமாக.
கண்ணுக்கு நேர் எதிரே குத்தவைத்தால்
என் தோளும் அந்தக் கோட்டில்தான் வரும்.
அவசரமில்லை.
கண்ணாடி மெல்லியது,
பார்த்துத்தான் துடைக்கவேண்டும்.