மஞ்சள் பொட்டு

கோழிக்கூண்டுக் கதவுக்கு முட்டுக்கொடுத்து நின்றதாம்.
அப்படிச் சொல்லித்தான் விற்றான் ரைமார்.
நூற்றைம்பது யூரோ. எச்சம் இலவசம்.

முப்பத்தொரு வருடம் பல் கட்டியவள் நான்,
எர்ட்ஸ் மலையடியில், ஜன்னலில்லாத அறையில்.
வாய்க்குச் சொந்தக்காரர் பொய் சொல்வார்,
கடைவாய்ப்பல் சொல்லாது.
அதே குட்டிக் கண்ணாடியை, அதே கொக்கி ஊசியை
இரும்பின் ஈறுகளுக்குள் விட்டுப் பார்த்தேன்.

மேலே பச்சை: வனக்காவலர் யாரோ பூசியது.
கீழே கறுப்பு, துக்கத்துக்கோ சிக்கனத்துக்கோ.
அதற்கும் கீழே, நகக்கண் அளவு,
தொழிற்சாலைச் சிவப்பு.

எஞ்சின் கூட்டில் ஒரு சொட்டு வினிகர் விட்டேன்.
சீறிக்கொண்டு நுரைத்தது.
அலுமினியம் இப்படிப் பதறாது.
மக்னீசியம்!
கடைக்குப் போன வண்டிகளுக்கு யாரும் இதில் வார்க்கவில்லை.
சமையலறையில் தனியாக ஒரு சுற்று ஆடினேன்.
மறுநாள் முழங்கால் கணக்குக் கேட்டது.

ஆறு நாள் போட்டி அது. காடு, சேறு, ஓடை.
முதல் நாள் விடியலில் நடுவர்கள் தூரிகையோடு வந்து
எஞ்சின் கூட்டில், சக்கரக் குடத்தில், சட்டத்தின் கழுத்தில்
மஞ்சள் பொட்டு வைப்பார்கள்.
பொட்டு வைத்ததை மாற்றக் கூடாது.
உடைந்தால் உடைந்ததோடு ஓட்டு,
அல்லது வீட்டுக்குப் போ.
சட்டத்தை மாற்றக் கூடாது என்பதே சட்டம்.

கூட்டில் இருந்தது பொட்டு. குடத்திலும்.
கழுத்தில் இருந்ததற்கு மட்டும்
வால் எதிர்ப்பக்கம் இழுத்திருந்தது.
இடக்கை.

எண் 214. கடைசி இரண்டு இலக்கங்களைச் சுற்றி
இரும்பு ஒரு மயிரிழை பள்ளம்.
பஞ்சில் அமிலம் தொட்டுத் தொட்டு ஒற்றினேன்.
எண்ணை அரம் தின்றுவிடும்;
அடி வாங்கிய இரும்பு அடியில் அதை வைத்திருக்கும்.
இருபது நிமிடம். ரைமார் இரண்டு முறை போன் செய்தான், எடுக்கவில்லை.
எக்ஸ்ரேயில் வேர் தெரிவதுபோல்
மங்கலாக மேலேறியது 208.

பழைய பதிவேட்டில் பார்த்தேன்.
214, எக்கெஹார்ட் ஊலிக். தங்கப் பதக்கம்.
208, லுட்ஸ் ஹெர்ம்ஸ்டோர்ஃப். நான்காம் நாள் விலகல்.
காரணம் எழுதும் இடம் காலி.

ஊலிக் இருக்கிறார், மாரியன்பெர்க்கில்,
மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
மூச்சு வாங்க மேசையில் புகைப்படத்தை வைத்தேன்.
அவர் கண்ணாடியைத் தேடவில்லை.

“ஓடையில் கழுத்து முறிந்தது. வண்டியின் கழுத்து.
லுட்ஸ் தன் சட்டத்தைக் கழற்றிக் கொடுத்தான்.
மஞ்சள் பெயிண்டுக்கு ரயில்வே கேட்காரரை எழுப்பினோம்.
பொட்டு அவன் வைத்தான். எண் நான் அடித்தேன்.
சத்தம் வெளியே கேட்கக் கூடாதே என்று
சுத்தியலைத் தூக்கிப் பிடித்து இடிக்காகக் காத்திருந்தோம்.
இரண்டு இலக்கம், இரண்டு இடி.”

“அவர் ஏன் கொடுத்தார்?”
“காய்ச்சல்,” என்றார்.
காப்பி ஆறி ஆடை கட்டிய பிறகு,
“காய்ச்சலெல்லாம் இல்லை,” என்றார்.
அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் தோண்டவில்லை.
சில வேர்களைப் பிடுங்கினால் தாடை கூட வரும்.

வாசல்வரை வந்து கேட்டார்:
“இதனால் விலை இறங்குமா, ஏறுமா?”
“ஏறும்.”
“லுட்ஸ் இருந்தால் பாதி கேட்டிருப்பான்.”

குளிர்காலம் முழுக்க வேலை.
கம்பிகள் புதிது. பிஸ்டன், பிராகில் ஒருவரின் கட்டிலடியிலிருந்து.
சிவப்பு, நான்காவது கலவையில்தான் சரியாக வந்தது.
கழுத்தில் மட்டும் நான்கு விரல் அகலத்துக்குப் பூசவில்லை,
வெறும் இரும்பு, மேலே எண்ணெய்.

ஏப்ரலில், பதினேழாவது உதைக்கு
இருமியது, பிறகு கத்தியது.
நீலப் புகை வேலி தாண்ட,
அடுத்த வீட்டு டோரித் ஜன்னல்களை ஒவ்வொன்றாக அறைந்து சாத்தினாள்.

வண்டிப் பதிவு அலுவலகத்தில் ஒரு படிவம்.
‘சட்ட எண்’ என்று ஒரே ஒரு கட்டம்.
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
208214 என்று எழுதினேன்.
கவுன்டரில் இருந்த பெண் நிமிராமல் தட்டினாள்.
ரசீதில் அப்படியே அச்சாகியிருக்கிறது,
அரசு முத்திரையோடு.