ஆறு பன்னிரண்டுக்கு விட்ட இடம்

வெள்ளவத்தையில் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி,
எங்கள் ஒத்திகை அங்கே.
ஜன்னலுக்கு அப்பால் தண்டவாளம், அதற்கப்பால் கடல்.
பெயின்ற் வாசனைக்குள் அழப் பழகியவர்கள் நாங்கள்.

ஐந்தரைக்குத் தொடங்கினால்
இரண்டாம் காட்சி நடுவில் அளுத்கம ரயில் வரும்.
ஆறு பன்னிரண்டு.
சரியாக அப்போதுதான் யோகசோதி
புருஷனிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.
முதல் வாரம் கத்திக் கேட்டாள்.
இரண்டாம் வாரம் ரயிலைத் திட்டினாள்.
மூன்றாம் வாரம் நான் பிரதியைத் திருத்தினேன்:
கேட்க வாய் திறக்கிறாள். மூடுகிறாள்.
பதினெட்டு எண்ணும்வரை கோப்பை துடைக்கிறாள்.
அந்த நாடகத்தில் நான் எழுதிய ஒரே நல்ல வசனம்
அதுதான் என்கிறான் நௌஷாத்.
பாராட்டா பழியா, நான் கேட்கவில்லை.

சனி ஞாயிறில் நான் வேறு ஆள்.
பம்பலப்பிட்டி ஹோல்களில் கீபோட்.
மணமகள் படியிறங்கப் பிந்தினால்
ஒரே பல்லவியை இருபத்தேழு நிமிடம் இழுக்கத் தெரியும்.
புரியாணிச் சட்டி திறந்த பிறகு
இசை யாருக்கும் கேட்பதில்லை.
நிறுத்தினால் மட்டும் கேட்கும்,
எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.
இதை எந்தப் பட்டறையிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

செட்டியார் தெரு நகைக்கடைக்கு
பன்னிரண்டு விநாடி விளம்பர மெட்டு.
"இன்னும் கொஞ்சம் தங்கமா வருமோ, மிஸ்?"
மணி ஒன்று சேர்த்தேன். தங்கமாயிற்று.
அந்தக் காசில் நாலு ஸ்பொட் லைட்.
ஒன்று வாங்கும்போதே பழுது.

வசனக்காரி இரவிரவாக
அவள் ஏன் வீட்டைவிட்டுப் போனாள் என்று
மூன்று பக்கம் எழுதுவாள்.
விடியமுன் மெட்டுக்காரி எழும்பி
இரண்டு சுரம் தட்டிப் பார்த்து
போயிட்டாள், அவ்வளவுதான், என்பாள்.
மூன்று பக்கமும் கூடைக்குள்.
ஒரே சம்பளத்தில் இரண்டு பேர், ஒரே முதுகுவலி.

பழி தீர்க்கக் காலம் வரும்.
ரிஸ்னாவுக்கு நான் போட்ட பாட்டு ஒன்று,
அவ்வளவு நல்ல பாட்டு,
கீழே ஆணி நிறுக்கும் பையன்கள்
படியேறி வந்து கைதட்டினார்கள்.
தட்டி முடிந்து பார்த்தால்
கதைக்குள் திரும்பிப் போகும் கதவு பூட்டிக் கிடந்தது.
அன்றிரவே வெட்டினாள் வசனக்காரி.
சொற்களை உரித்து, வெறும் மெட்டை
ரிஸ்னாவின் வாய்க்குள் பாணோடு சேர்த்து வைத்தாள்.
இப்போது மென்றபடி முனகுகிறாள், பாதி மூக்கால்.
பிரதி பார்த்துக்கொண்டிருந்த தர்மினி கண் துடைத்தாள்.
"பெயின்ற் வாசனை" என்றாள்.

அரங்கேற்றம் கொட்டாஞ்சேனையில்.
அங்கே ரயில் இல்லை. அதை யோசிக்கவே இல்லை நான்.
யோகசோதி வாய் திறந்தாள். மூடினாள்.
கோப்பையை எடுத்தாள்.
நாலு. ஐந்து. மண்டபத்தில் ஒரு இருமல்.
எட்டு. முன்வரிசைப் பிள்ளை உரக்கக் கேட்டது,
"அம்மா, மறந்திட்டாவா?"
பதினொன்றில் என் விரல்
தானாகவே கட்டையில் போய் இருந்தது.
ஒரு சுரம் போதும், காப்பாற்றிவிடலாம்.
கல்யாண வீட்டு விரல் அது,
மௌனத்தைக் கண்டால் பாய்ந்து மூடும்.

அப்போது மேடையில் மூவரும்
ஒரே நேரத்தில், யாரும் சொல்லாமல்,
ஜன்னல் இருக்க வேண்டிய பக்கம் கொஞ்சம் திரும்பினார்கள்.
கண்கள் பெட்டி பெட்டியாய் நகர்ந்தன.
சபையும் திரும்பியது.
வராத ரயில் போய் முடியும்வரை
ஒருவரும் மூச்சு விடவில்லை.
பதினெட்டு.
விரலை எடுத்தேன், வியர்த்திருந்தது.

முடிந்ததும் ஒருவர் வந்து சொன்னார்,
நல்லது, ஆனால் அந்த இடத்தில்
ஒரு மியூசிக் போட்டிருக்கலாம்.
ஓட்டோவில், மடியில் கீபோட்டோடு,
கொள்ளுப்பிட்டி வரைக்கும் அதை யோசித்தேன்.
ஒருவேளை அவர் சொன்னது சரி.
ஹோல் வாடகையில் இன்னும் ஆறாயிரம் பாக்கி.
நாளை காலை ஏழரைக்குத் தெஹிவளையில் கல்யாணம்,
மணமகள் எப்படியும் பிந்துவாள்.